நிவேதிதா தேவியார் நடத்திய சிறு பள்ளி

தாயகத்தை விட்டு வந்து, பிறமொழி வழங்கும் ஊரொன்றில் குடியேறி வாழும் நமக்குக் குழந்தைகளின் கல்வியே தலையாய கவலை. கணக்கையும் விஞ்ஞானத்தையும் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்கிறது; தமிழை நாமும் நம் சங்கமும் இயன்ற அளவு பார்த்துக்கொள்கிறோம். ஆனால் நாட்டுப்பற்று, பொதுநலம், அண்டை அயலாரோடு கலந்து வாழும் பண்பு ஆகியவற்றை யார் கற்பிப்பது? எப்படிக் கற்பிப்பது? ஆண்டுக்கு இரண்டு முறை கொடியேற்றி, மிட்டாய் வழங்கி, பாட்டொன்றைப் பாடச் செய்துவிட்டால் அப்பண்புகள் பிஞ்சு உள்ளத்தில் வேரூன்றிவிடுமா? இக்கேள்விகளுக்கு விடை தேடுவோர் படித்துப் பார்க்க வேண்டிய வாழ்க்கை ஒன்று உண்டு. அது கல்கத்தா நகரின் வடபகுதியில், குறுகலான ஒரு சந்தில், சின்னஞ்சிறு பெண்குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்திய சகோதரி நிவேதிதா தேவியாரின் வாழ்க்கை. இந்நாட்டில் பிறவாத ஒருவர் இந்நாட்டுக் குழந்தைகளுக்கு இந்நாட்டை அறிமுகம் செய்துவைத்தார் என்பது வியப்புக்குரிய செய்தி. அவர் கதையைச் சுருக்கமாக எடுத்துரைக்க விழைகிறோம்.

இளமைப் பருவம்

அவருடைய இயற்பெயர் மார்கரெட் எலிசபெத் நோபிள். அயர்லாந்தின் வடபகுதியில் டங்கானன் என்னும் ஊரில் 1867 அக்டோபர் 28ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சாமுவேல் நோபிள் கிறிஸ்தவ சமயப் போதகர். ஏழைகளுக்குத் தொண்டு செய்வதையே வாழ்வாகக் கொண்டவர். அவர் முப்பத்து நான்காம் வயதிலேயே காலமானார். அப்போது மார்கரெட்டுக்கு வயது பத்து. பின்னர் அயர்லாந்தின் விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டிருந்த தாய்வழிப் பாட்டனாரின் ஆதரவில் குழந்தைகள் வளர்ந்தனர். அடிமைப்பட்ட நாட்டின் துயரம் இன்னதென்பதை மார்கரெட் ஏட்டில் படிப்பதற்கு முன்பே பாட்டனார் வீட்டில் அறிந்திருந்தார் என்று கூறலாம்.

ஹாலிபாக்ஸ் நகரப் பள்ளியில் கல்வி முடித்து, பதினேழாம் வயதில், 1884ஆம் ஆண்டில், ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். வேறு தொழிலை அவர் நாடவே இல்லை. இறுதி மூச்சு வரை அவர் ஆசிரியைதான். அக்காலத்து ஐரோப்பாவில் பெஸ்டலோஸி, பிரோபெல் ஆகிய கல்வி அறிஞர்களின் கொள்கைகள் பரவிவந்தன. குழந்தையை அடித்து மிரட்டி மனப்பாடம் செய்விப்பது கல்வியாகாது. கையும் கண்ணும் செயற்படும்போதே அறிவு மலர்கிறது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு அழைத்துச் செல்வதே ஆசிரியர் கடமை என்பன அக்கொள்கைகளின் சாரம். மார்கரெட் அவற்றை ஆர்வத்துடன் கற்று, லண்டனை அடுத்த விம்பிள்டனில் தாமே ஒரு பள்ளியைத் தொடங்கி நடத்தினார். கல்வியாளர் வட்டாரத்தில் அவர் பெயர் பரவியது.

1895 நவம்பரில் லண்டன் நகர இல்லம் ஒன்றில் சுவாமி விவேகானந்தரின் உரையைக் கேட்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. கேட்டவுடன் மயங்கிவிடவில்லை. ஐயங்களை எழுப்பினார், வாதிட்டார், மீண்டும் மீண்டும் சென்று கேட்டார். ஆராய்ந்த பின்னரே ஏற்றுக்கொண்டார். இந்தியப் பெண்களின் கல்விக்கு உழைக்கத்தக்க ஒருவரைச் சுவாமிகள் தேடிக்கொண்டிருந்தார். இந்நாட்டு வெயிலையும் வறுமையையும், இரு தரப்பாரும் காட்டக்கூடிய வெறுப்பையும் மறைக்காமல் எடுத்துரைத்த பின்பே அவரை அழைத்தார். அனைத்தையும் அறிந்தே மார்கரெட் கப்பலேறினார். 1898 ஜனவரி 28ஆம் நாள் கல்கத்தாத் துறைமுகத்தில் வந்திறங்கினார். மார்ச் 25ஆம் நாள் பிரமசரிய தீட்சை பெற்று, நிவேதிதா என்னும் பெயரையும் பெற்றார். இறைவனுக்குப் படைக்கப்பட்டவள் என்பது அப்பெயரின் பொருள்.

மாற வேண்டியிருந்த மனம்

இங்கே ஒரு நிகழ்ச்சியை நாம் கருதிப் பார்க்க வேண்டும். தீட்சை பெற்ற மறுநாள், தாம் எந்த நாட்டைச் சேர்ந்தவரென இப்போது எண்ணுகிறார் என்று குரு அவரை வினவினார். ஆங்கிலக் கொடியின்மீது மாணவிக்கு இருந்த ஆழ்ந்த பற்று அவருடைய விடையில் வெளிப்பட்டது. குரு திகைத்தார், ஆயினும் கடிந்துகொள்ளவில்லை. பெயர் மாறியது ஒரே நாளில். மனம் மாறுவதற்கோ மாதங்கள் பல ஆயின. அவ்வாண்டுக் கோடையில் அல்மோராவிலும் காஷ்மீரத்திலும் குருவோடு மேற்கொண்ட பயணங்களின்போது, தாம் இயல்பென்று கருதியிருந்த எத்தனையோ எண்ணங்களை அவர் வலியோடு களைய வேண்டியிருந்தது. இவற்றையெல்லாம் அவரே பிற்காலத்தில் ஒளிவின்றி எழுதிவைத்தார். நாட்டுப்பற்று என்பது ஆணையிட்டு வருவிக்கக்கூடியதன்று. பழகிப் பார்த்து, நேசித்து, மெல்ல மெல்ல வளர்வது என்னும் உண்மையை அவர் தம்மிடமே கண்டறிந்தார். குழந்தைகளுக்குக் கற்பிக்கையில் அவர் காட்டிய பொறுமைக்கு இதுவே காரணம் என்பது நம் கருத்து.

சந்தில் ஒரு பள்ளி

பாக்பஜார் என்பது வடகல்கத்தாவில் வைதிகக் குடும்பங்கள் நிறைந்திருந்த பகுதி. அங்கே போஸ்பாடாச் சந்தில் 16ஆம் எண் வீட்டில் அவர் குடியமர்ந்தார். வெள்ளையர் வாழும் அகன்ற வீதிகளை விட்டு, வேற்று இனத்தார் ஒருவரும் இல்லாத சந்தில் தனியாக ஒரு மாது வாழ முற்பட்டது அக்காலத்தில் கேள்விப்படாத செய்தி. அயல் நாட்டவர் கைபட்ட நீரையும் அருந்தாத ஆசாரம் அங்கே நிலவிற்று. தேவியார் அந்த ஆசாரத்தை எள்ளவில்லை. அதனைக் கண்டு மனம் சோரவும் இல்லை. அன்னை சாரதா தேவியார் அவரைத் தம் மகளாக ஏற்று உடனமர்ந்து உண்டது அவருக்குப் பெரும் துணையாயிற்று. அன்னையே ஏற்றுக்கொண்ட பின்னர் அண்டை வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

1898 நவம்பர் 13ஆம் நாள், காளி பூசைத் திருநாளன்று, அன்னை சாரதா தேவியார் பள்ளியைத் தொடங்கிவைத்தார். பெண்குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புவது குலத்துக்கு ஆகாது என்று எண்ணிய காலம் அது. அனுப்பினாலும் இளவயதில் மணம் முடிந்தவுடன் படிப்பு நின்றுவிடும். தேவியார் வீடு வீடாகச் சென்று, பெற்றோரிடம் குழந்தைகளைத் தம்மிடம் அனுப்புமாறு வேண்டிக்கொண்டார். வந்த சிலரைக்கொண்டு வகுப்பு நடந்தது. மண்ணைப் பிசைந்து உருவங்கள் செய்தல், தாளை மடித்தும் வெட்டியும் வடிவங்கள் அமைத்தல், தூரிகையால் வரைதல், தையல் வேலை, கதை கேட்டல் ஆகியவை எழுத்தோடும் எண்ணோடும் கலந்து கற்பிக்கப்பட்டன.

விளக்குமாறு கற்பித்த பாடம்

பள்ளி தொடங்கிச் சில மாதங்களில் கல்கத்தாவில் பிளேக் நோய் பரவியது. 1899 மார்ச்சு இறுதியில் இராமகிருஷ்ண மிஷன் நிவாரணப் பணியை மேற்கொண்டபோது தேவியார் அக்குழுவின் செயலாளரானார். சுவாமி சதானந்தர் துப்புரவுப் பணியைத் தலைமையேற்று நடத்தினார். மாணவர்களின் கடமை பற்றித் தேவியார் ஆற்றிய சொற்பொழிவைக் கேட்டு இளைஞர் சிலர் தொண்டுக்கு முன்வந்தனர். ஆயினும் பாக்பஜார்த் தெருக்களைக் கூட்டக் கை போதவில்லை. ஒருநாள் தேவியாரே விளக்குமாற்றை எடுத்துச் சந்தைப் பெருக்கத் தொடங்கினார். வெள்ளைக்கார மாது தெருக் கூட்டுவதைக் கண்ட இளைஞர் வெட்கமுற்று அவர் கையிலிருந்து விளக்குமாற்றை வாங்கிக்கொண்டனர்.

மருத்துவர் ராதா கோவிந்த கர் அந்நாளைய காட்சி ஒன்றைப் பதிவு செய்துள்ளார். ஏழைக் குடிசை ஒன்றில் தாயை இழந்த குழந்தை நோயுற்றுக் கிடந்தது. ஈரமும் அழுக்கும் நிறைந்த அக்குடிசையில் தேவியார் குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு இரவும் பகலும் இருந்தார். சுவருக்கு வெள்ளையடிக்கத் தாமே சிறு ஏணியில் ஏறினார். குழந்தை பிழைக்கவில்லை, அவர் மடியிலேயே உயிர் நீத்தது. அச்சந்தில் வாழ்ந்த பெண்குழந்தைகள் தங்கள் ஆசிரியையின் இச்செயல்களையெல்லாம் கேட்டும் கண்டும் இருந்தனர். குடிமைப் பண்பு பற்றி அவர் வகுப்பில் கூறிய எந்தப் பாடத்தையும்விடப் பெரிய பாடம் தெருவில் நடந்தது என்பது மிகையன்று.

பொருள் முட்டுப்பாட்டினால் அதே ஆண்டில் பள்ளியை மூட நேர்ந்தது. 1899 ஜூன் மாதத்தில் குருவோடு மேல்நாடு சென்று, சொற்பொழிவுகளாலும் எழுத்தாலும் நிதி திரட்ட முயன்றார். 1902 பிப்ரவரித் தொடக்கத்தில் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கி, அங்கிருந்து கல்கத்தாவுக்கு மீண்டு, சரஸ்வதி பூசையை ஒட்டிப் பள்ளியை மறுபடியும் திறந்தார். அவ்வாண்டு ஜூலை 4ஆம் நாள் சுவாமி விவேகானந்தர் மறைந்தார். அரசியல் ஈடுபாட்டினால் மடத்துக்குத் தீங்கு நேரலாகாது என்று கருதி, சில நாட்களில் தேவியார் மடத்தின் முறையான தொடர்பிலிருந்து விலகினார். பள்ளியை மட்டும் விடவில்லை. 1903இல் அமெரிக்காவிலிருந்து வந்த சகோதரி கிறிஸ்டீன் பள்ளிப் பொறுப்பில் பங்கேற்றார். மணமான பெண்களுக்கும் விதவையருக்கும் தனி வகுப்பு ஏற்பட்டது. சுதீரா தேவியார் என்னும் வங்க நங்கையும் ஆசிரியப் பணியில் இணைந்தார்.

வகுப்பறையில் பாரதம்

தேவியார் நாட்டுப்பற்றைக் கற்பித்த முறையை இனிக் காண்போம். பள்ளியில் தேசபக்தி என்ற பெயரில் தனிப்பாடம் ஏதும் இருந்ததில்லை. எல்லாப் பாடமும் அதுவாகவே இருந்தது.

முதலாவது மொழி. பாடங்கள் வங்காளியிலேயே நடந்தன. தேவியாரின் வங்காளி தட்டுத்தடுமாறியதே. ஆயினும் குழந்தைகளின் மொழியைத் தாம் கற்பதே முறை என்று கொண்டார். ஒருநாள் வரைதல் வகுப்பில் கோடு என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லைப் பயன்படுத்திய அவர், தாய்மொழியில் அதற்கு என்ன சொல் என்று வினவினார். குழந்தைகள் திகைத்தனர், எல்லோர் நாவிலும் ஆங்கிலச் சொல்லே வந்தது. அவர் முகம் வாடிற்று. முடிவில் ஒரு சிறுமி ரேகை என்னும் சொல்லை நினைவுகூர்ந்து கூறினாள். இழந்த செல்வம் கிட்டியதுபோல் தேவியார் அச்சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி மகிழ்ந்தார். கவி இரவீந்திரநாத் தாகூர் தம் மகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க வேண்டுமென்று கேட்டபோது, அயல்நாட்டு முறையைக் குழந்தைமீது சுமத்துவதற்கு உடன்படாமல் மறுத்துவிட்டதும் இந்த உறுதியினால்தான்.

இரண்டாவது வரலாறு. தாம் நேரிற் கண்டு வந்த தலங்களை அவர் குழந்தைகளுக்கு வருணிப்பார். சித்தூர்க் கோட்டையைப் பற்றிச் சொல்லுகையில், பத்மினியை நினைந்து கைகூப்பிக் கண்மூடி அமர்ந்துவிடுவாராம். வகுப்பில் இருக்கிறோம் என்பதையே சிறிது நேரம் மறந்துவிடுவாராம். ஆண்டுகளையும் அரசர் பெயர்களையும் உருப்போட்டு ஒப்புவிக்கும் வரலாறு அங்கே இல்லை. பொருட்காட்சிசாலைக்கும் மிருகக்காட்சிசாலைக்கும் மாணவிகளை அழைத்துச் சென்று, கண்ணாற் கண்டு கற்கச் செய்தார். வீட்டு வாயிலைத் தாண்டியறியாத பெண்களுக்கு அதுவே ஒரு தேச யாத்திரை ஆயிற்று.

ஒரு முறை, பாரதத்தின் அரசி யார் என்று மாணவிகளை வினவினார். குழந்தைகள் தாங்கள் கற்றிருந்தபடி விக்டோரியா மகாராணியின் பெயரைச் சொன்னார்கள். தேவியார் வருத்தமும் சினமும் கொண்டார். உங்கள் அரசி சீதையல்லவா என்று உணர்த்தினார். குழந்தைகள்மீது பிழையில்லை, பாடப்புத்தகம் கற்பித்ததையே அவர்கள் சொன்னார்கள். அந்தப் பாடப்புத்தகம் உள்ளத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதைக் கண்டே அவர் துணுக்குற்றார்.

மூன்றாவது கைத்தொழிலும் கலையும். வங்கப் பெண்கள் பண்டிகை நாட்களில் அரிசிமாவினால் தரையில் ஆலிபனை என்னும் கோலம் இடுவது மரபு. நம் வீட்டுப் பெண்கள் வாசலில் இடும் கோலத்துக்கு அது உடன்பிறப்பு. பாட்டி கற்றுத்தந்த அந்த வேலையை அற்பமென்று கருதப் பழகியிருந்த பெண்களிடம், அது பெருங்கலை என்று தேவியார் எடுத்துரைத்தார். அவர்கள் வரைந்தவற்றைத் தம் அறையில் மாட்டி வைத்து, வருவோர்க்கெல்லாம் காட்டினார். இலங்கைத் தமிழ்க் குடியில் தோன்றிய கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி ஒரு மாணவியின் கோலத்தைப் பாராட்டியபோது, தமக்கே பரிசு கிடைத்ததுபோல் தேவியார் பூரித்தார்.

இவற்றுக்கெல்லாம் அடியில் ஓடிய கருத்து ஒன்று. குழந்தை தன் வீட்டை அறியும். வீட்டிலிருந்து தெருவையும், தெருவிலிருந்து ஊரையும், ஊரிலிருந்து நாட்டையும் அறியுமாறு அன்பை விரித்துக்கொண்டே செல்ல வேண்டும். நம் நாட்டில் குடும்பப் பாசம் ஆழமானது. ஆனால் குடும்ப எல்லையைக் கடந்து, உறவினரல்லாத பலரோடு சேர்ந்து பொதுக்காரியம் செய்யும் பழக்கமே குடிமை வாழ்வின் அடிப்படை என்று அவர் எழுதினார். குடிமை, தேசிய இலட்சியங்கள் பற்றிய அவருடைய கட்டுரைகள் தனி நூலாகத் தொகுக்கப்பட்டன. தேசியக் கல்வி பற்றிய கட்டுரைகளும் அவ்வாறே நூலாயின.

கொடியும் இராட்டையும்

1905ஆம் ஆண்டில் கர்சன் பிரபு வங்கத்தை இரண்டாகப் பிரித்தார். சுதேசி இயக்கம் எழுந்தது. கீழை வங்கத்தில் வந்தே மாதர முழக்கத்துக்குத் தடை விதிக்கப்பட்ட காலத்திலும், போஸ்பாடாச் சந்துப் பள்ளியில் அப்பாடல் நாள்தோறும் வழிபாட்டில் ஒலித்தது. முதிய பெண்மணி ஒருவரை அமர்த்தி, மாணவிகளுக்கு நூல் நூற்கக் கற்றுக்கொடுத்தார் தேவியார். குழந்தைகள் அம்மூதாட்டியை இராட்டை அம்மா என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். காந்தியடிகள் இராட்டையை நாட்டின் இயக்கமாக்குவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே இது நிகழ்ந்தது.

1904இல் தேவியார் ஜகதீச சந்திர போஸ், தாகூர் முதலியோருடன் புத்தகயைக்குச் சென்றிருந்தார். அங்கே கண்ட வச்சிரச் சின்னம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. உலக நன்மைக்காகத் தம் முதுகெலும்பையே ஈந்த ததீசி முனிவரின் கதை வச்சிரத்தோடு இணைந்தது. தன்னைத் தருபவனே வலிமையுடையவன் என்பது அதன் கருத்து. செந்நிறத் துணியில் மஞ்சள் நிற வச்சிரமும் வந்தே மாதரம் என்னும் சொல்லும் விளங்கும் கொடி ஒன்றை மாணவிகளைக்கொண்டே தைப்பித்தார். 1906இல் கல்கத்தாவில் காங்கிரஸ் மகாசபையை ஒட்டி நடந்த பொருட்காட்சியில் அக்கொடி வைக்கப்பட்டது. அது நாட்டுக் கொடியாக ஏற்கப்படவில்லை என்பது உண்மை. ஆயினும் கடையில் வாங்கிய கொடியை அசைப்பதற்கும், ஒவ்வொரு தையலையும் தன் கையால் இட்டு ஒரு கொடியை உருவாக்குவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. அப்பெண்கள் அதனை வாழ்நாள் முழுதும் மறந்திருக்க மாட்டார்கள். விடுதலை பெற்ற இந்தியா 1950இல் ஏற்படுத்திய பரம வீர சக்கரப் பதக்கத்திலும் வச்சிரமே பொறிக்கப்பட்டது. அதனை வடிவமைத்த சாவித்திரி கானோல்கர் அம்மையாரும் ஐரோப்பாவில் பிறந்து இந்நாட்டைத் தம் நாடாக வரித்துக்கொண்டவரே.

வாய்மையும் துணிவும்

பள்ளிக்கு வெளியிலும் தேவியார் ஆசிரியையாகவே விளங்கினார். 1905 பிப்ரவரியில் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில், வாய்மையை உயர்வாகப் போற்றுவது மேல்நாட்டு இயல்பே என்னும் கருத்துப்படக் கர்சன் பிரபு பேசினார். கூட்டத்தில் இருந்த தேவியார் கொதித்தார், ஆனால் கூச்சலிடவில்லை. கர்சன் எழுதிய தூர கிழக்கு நாடுகள் பற்றிய நூலைத் தேடி எடுத்தார். கொரியாவில் மதிப்பைப் பெறும்பொருட்டுத் தம் வயதை முப்பத்து மூன்றுக்குப் பதில் நாற்பது என்று பொய்யாகச் சொன்னதைக் கர்சனே அதில் எழுதியிருந்தார். பிரபுவின் பேச்சும் அந்நூற்பகுதியும் அமிர்த பஜார் பத்திரிகையில் பக்கம் பக்கமாக வெளிவந்தன. நாடே நகைத்தது. சான்றைத் தேடிக் காட்டி மறுப்பதே கற்றோர் வழி என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

1906இல் கீழை வங்கத்தில் வெள்ளமும் பஞ்சமும் நேர்ந்தபோது, ஊர் ஊராக நீரிலும் சேற்றிலும் நடந்து மக்களின் துயரைக் கண்டு எழுதினார். திரும்பியதும் கடும் காய்ச்சலில் விழுந்தார். அன்று நலிந்த உடல் பின்னர் முழுமையாகத் தேறவே இல்லை.

பள்ளிச் செலவுக்குப் பெரிதும் அவர் எழுத்தையே நம்பியிருந்தார். இந்திய வாழ்வைப் பற்றிய நூல் 1904லும், குழந்தைகளுக்கான புராணக் கதைத் தொகுப்பு 1907லும், குருவைப் பற்றிய நூல் 1910லும் வெளிவந்தன. சாரா புல் அம்மையார் போன்ற மேல்நாட்டு நண்பர்களும் பொருள் உதவினர். இத்தனைக்கும் இடையில், ஜகதீச சந்திர போஸின் விஞ்ஞான நூல்களைத் திருத்தி எழுதுவதிலும் அவர் துணை நின்றார்.

தமிழ்நாட்டுத் தொடர்பு

தமிழரான நமக்கு அவர்மீது தனி உரிமை ஒன்றுண்டு. 1902 இறுதியில் அவர் சென்னைக்கு வந்து, இந்தியாவின் ஒருமையைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். காங்கிரஸ் மகாசபைக்காக வடநாடு சென்ற மகாகவி சுப்பிரமணிய பாரதியார் அவரைக் கண்டு, குருவாகவே வரித்துக்கொண்டார். மனைவியை உடன் அழைத்து வராததைப் பற்றித் தேவியார் வினவியதும், பெண்ணைச் சமமாக நடத்தாத சமூகம் விடுதலையை எப்படிப் பெறும் என்று உணர்த்தியதும் பாரதியார் வாழ்வைத் திருப்பிய நிகழ்ச்சியாகப் போற்றப்படுகின்றன. 1908இல் வெளியான சுதேச கீதங்களையும் 1909இல் வெளியான ஜன்மபூமியையும் அவர் தேவியாருக்கே காணிக்கையாக்கினார். சில மணி நேரச் சந்திப்பு ஒன்று தமிழ் இலக்கியத்தில் பெண் விடுதலையின் குரலுக்கு ஊற்றுக்கண் ஆயிற்று. அயர்லாந்தில் பிறந்து, வங்கத்தில் வாழ்ந்தவர் தமிழ்க் கவிஞருக்கு வழிகாட்டினார்; நாட்டின் ஒருமைக்கு வேறு சான்று எதற்கு?

மறைவு

1911 இலையுதிர் காலத்தில், போஸ் தம்பதியருடன் ஓய்வுக்காக டார்ஜிலிங் சென்ற தேவியார் அங்கே வயிற்றுக்கடுப்பு நோயால் பீடிக்கப்பட்டார். முடிவு நெருங்குவதை உணர்ந்து அக்டோபர் 7ஆம் நாள் உயில் எழுதினார். தம்மிடமிருந்த பணமும் நூல்களின் உரிமையும் இந்தியப் பெண்களின் தேசியக் கல்விக்கே பயன்பட வேண்டுமென்று எழுதிவைத்தார். அக்டோபர் 13ஆம் நாள் காலையில் உயிர் பிரிந்தது. நாற்பத்து நான்கு வயது நிறையப் பதினைந்து நாட்கள் இருந்தன. அனைத்தையும் இந்தியாவுக்கு ஈந்தவர் இங்கே உறங்குகிறார் என்னும் பொருள்படும் கல்வெட்டு டார்ஜிலிங் நினைவிடத்தில் உள்ளது. அவருடைய பள்ளியைக் கிறிஸ்டீனும் சுதீராவும் தாங்கி நடத்தினர். அது வளர்ந்து, அவர் பெயராலேயே பெண்கள் பள்ளியாக நிலைபெற்றது. 1968இல் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

நாம் கொள்ள வேண்டுவன

அவருடைய முறையை அப்படியே நாம் இன்று எடுத்தாள வேண்டும் என்று கூறவில்லை. அவர் பள்ளிக்கு வந்தவர்கள் வைதிக இந்துக் குடும்பத்துப் பெண்கள். ஆகையால் சீதையும் ததீசியும் அவர்களுக்குப் பழகிய பெயர்கள். பல சமயக் குழந்தைகள் ஒரே பலகையில் அமர்ந்து படிக்கும் இன்றைய வகுப்பறையில் அனைவர்க்கும் பொதுவான கதைகளையும் தேட வேண்டும். தேவியாரும் இதனை அறியாதவரல்லர். இந்திய வாழ்வைப் பற்றிய தம் நூலில் இந்திய இஸ்லாத்துக்கென ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கி, அம்மரபும் இந்நாட்டின் செல்வமே என்று காட்டியவர் அவர்.

குடியேறி வாழும் நமக்கு அவர் வாழ்க்கை இரு செய்திகளைத் தருகிறது. தாய்மொழியை விடுவது நாட்டுப்பற்றுக்கு விலையாகாது என்பது முதற்செய்தி. வங்கச் சிறுமி ரேகை என்ற சொல்லை மீட்டபோது அவள் பாரதத்தை விட்டு விலகவில்லை. அதனுள் இன்னும் ஆழமாக நுழைந்தாள். நம் குழந்தைகள் தமிழைக் கற்பதும் அவ்வாறே. அடுத்தது, குடியிருக்கும் ஊரே நமக்கு நாடு என்பது. தேவியார் வந்த இடத்தில் விருந்தாளியாக வாழவில்லை. சந்தில் குப்பை சேர்ந்தபோது அது தம் சந்து என்று கருதினார். நாமோ பல ஆண்டுகள் ஓர் ஊரில் வாழ்ந்தும், அண்டை வீட்டாரின் மொழியில் நான்கு வார்த்தை பேசத் தயங்குகிறோம். தெருவிளக்கும் சாக்கடையும் வேறு யாருடைய கவலையோ என்று ஒதுங்குகிறோம். பொங்கலன்று நாம் மட்டும் கூடி, நாம் மட்டும் உண்டு கலைகிறோம். இதனைக் கண்டு வளரும் குழந்தைக்கு எந்தப் பாடப்புத்தகம் குடிமைப் பண்பைக் கற்பிக்க முடியும்?

ஆகவே சங்கத்து அன்பர்களுக்கு எம் வேண்டுகோள் எளியதே. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் நம் குழந்தைகள் தாங்கள் வாழும் ஊரின் வரலாற்றையும் தமிழிலேயே கற்கட்டும். தாங்கள் ஏற்றும் கொடியைத் தங்கள் கையாலேயே தைக்கட்டும். அண்டைத் தெருக் குழந்தைகளும் நம் விழாவுக்கு வரட்டும். அவர்கள் விழாவுக்கு நாமும் செல்வோம். ஆண்டுக்கு ஒருநாளேனும் பெரியோரும் சிறியோரும் சேர்ந்து நாம் குடியிருக்கும் தெருவைத் தூய்மை செய்வோம். விளக்குமாற்றைப் பிள்ளைகள் கையில் தருமுன் நாமே முதலில் எடுப்போம். நிவேதிதா தேவியார் அவ்வாறே செய்தார். அவர் நினைவுக்கு நாம் செலுத்தத்தக்க வணக்கம் அதுவே.